மீனவக் குடாவில் நங்கூரம்: சங்கிலி எவ்வளவு, இடம் எது

கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நண்பரோடு சேர்ந்து வாங்கிய 12 மீட்டர் பாய்மரப் படகில் பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து கரீபியன் தீவான டொபாகோவுக்குப் போகிறீர்கள். முதலில் கால் வைக்கப்போவது தீவின் வடகிழக்கு முனையில் உள்ள சார்லட்வில் கிராமம். வரைபடத்தில் மேன் ஆஃப் வார் குடா என்று இருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் எவ்வளவு சங்கிலி விட வேண்டும், கையில் இருக்கும் 60 மீட்டர் போதுமா என்பது கேள்வி. கடைசி வரியில், அது மீனவக் கிராமமாமே, ஏதாவது சொல்வார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கான விடையில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. சரக்குக் கப்பலில் டெக் அதிகாரியாக இருந்துவிட்டு, அப்புறம் பல வருடம் கிழக்குக் கரீபியனில் மற்றவர்களின் படகுகளைத் தீவுக்குத் தீவு கொண்டுசேர்க்கும் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். சங்கிலிக் கணக்கை அடித்துச் சொல்வேன். கடலடி, அலை, வலை மூன்றும் அன்றன்றைக்கு மாறுபவை. அவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. முழுவதும் சங்கிலியாக இருந்தால் சாதாரணக் காற்றுக்கு ஐந்து மடங்கு. காற்று ஏறும் என்று தெரிந்தால் ஏழு மடங்கு. எதன் ஐந்து மடங்கு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீரின் ஆழத்தோடு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சங்கிலி வெளியேறும் இடம் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரமோ அதையும் கூட்ட வேண்டும். உங்கள் படகில் அது 1.3 மீட்டர் என்று வைப்போம். 10 மீட்டர் ஆழமென்றால் 11.3; அதன் ஐந்து மடங்கு 56.5. அறுபது மீட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் உங்கள் எக்கோ சவுண்டர், அந்த ஆழம் காட்டும் கருவி, எங்கிருந்து அளக்கிறது? பல படகுகளில் அடிக்கட்டையின் கீழிருந்து அளக்கும்படி வைத்திருப்பார்கள். படகு 2 மீட்டர் மூழ்குமானால், திரையில் 10 என்று தெரியும்போது உண்மையான ஆழம் 12. அப்போது 13.3-இன் ஐந்து மடங்கு, 66.5. உங்கள் சங்கிலி தீர்ந்துவிட்டது. பழைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தாரோ தெரியாது. கிளம்பும் முன் குண்டு கட்டிய கயிறு ஒன்றை இறக்கி, திரை காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓதத்துக்கும் இடம் விட வேண்டும். டொபாகோவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும், ஆனாலும் வற்றின நேரத்தில் நங்கூரம் போட்டால் அந்த ஒரு மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேன் ஆஃப் வார் குடா ஆழமானது. நங்கூரம் போடத் தோதான ஆழம் கரையை ஒட்டிய பட்டையில் மட்டும்தான் கிடைக்கும்; அந்தப் பட்டையில்தான் ஊர்ப் படகுகளும் நிற்கும். அதனால் 10 மீட்டரில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 14, 15 மீட்டரில் போட வேண்டி வரலாம். சங்கிலியின் முடிவில் 40 மீட்டர் நைலான் கயிறு பிணைத்து எடுத்துப் போங்கள். பதினைந்து மீட்டரில் சங்கிலி முழுவதும் போய், அதற்கு மேல் கயிறும் 25 மீட்டராவது போக வேண்டும். பிணைப்பு நங்கூர வின்ச்சின் பல்லில் சிக்காமல் ஓடுகிறதா என்று துறைமுகத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எதற்கு இவ்வளவு நீளம் என்றால், நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. கிடைமட்டமாக இழுக்கும்போதுதான் அது மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டே கால் கிலோ போல இருக்கும். மெதுவான காற்றில் அந்த எடையே சங்கிலியைத் தரையில் கிடத்தி வைக்கும். காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும், சங்கிலி நிமிரும், அப்போது நீளம் மட்டும்தான் கோணத்தைக் காப்பாற்றும். அமெரிக்காவில் படகுத் தரங்களை வகுக்கும் அமைப்பின் அட்டவணையில், 12 மீட்டர் படகுக்கு 15 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) 136 கிலோ இழுவை. 30 நாட்டில் 544 கிலோ. இந்த முழு இழுவையையும் வின்ச்சின் தலையில் கட்டாதீர்கள், அது சங்கிலியைத் தூக்குவதற்கு வைத்தது. எட்டுப் பத்து மீட்டர் நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை அணியத்துக் கட்டையில் கட்டிவிட்டால் அது நீண்டு சுருங்கி வெட்டு இழுப்பை வாங்கிக்கொள்ளும். இரவில் சங்கிலி கடகடவென்று அடிக்கும் சத்தமும் நின்றுவிடும்.

அடுத்தது கடலடி. நல்ல மணலில் இன்றைய நங்கூரங்கள் எல்லாமே பிடிக்கும். வழவழப்பான ஆமைப்புல் என்ற கடல்புல் மேல் விழுந்தால் முனை இறங்காமல் புல்லின் வேரை வாரிக்கொண்டு சறுக்கும். பாறைச் சந்தில் விழுந்தால் பிடித்ததுபோல் இருக்கும். காற்று திசை மாறியதும் கழன்றுவிடும், இல்லையென்றால் என்றைக்கும் கழலாது. வெளிர் நிறமாகத் தெரிந்தால் மணல், கறுப்பாகத் தெரிந்தால் புல் அல்லது பாறை என்று எல்லோரும் சொல்வார்கள். பவள மணல் தீவுகளுக்கு அது சரி. செயின்ட் வின்சென்ட், டொமினிக்கா போன்ற எரிமலைத் தீவுகளில் மணலே கறுப்பு. அங்கே நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். டொபாகோவின் வடக்கிலும் பல குடாக்களில் மணல் பழுப்புதான். ஒரே நம்பகமான வழி, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கிப் பார்ப்பது. பிப்ரவரி இதற்கு நல்ல மாதம். மழைக் காலத்தில் ஒரினோக்கோ ஆற்றுத் தண்ணீர் இவ்வளவு தூரம் வந்து கடலைப் பச்சையாகக் கலக்கிவிடும். பவளத்தின் மேல் மட்டும் எந்த அவசரத்திலும் போடாதீர்கள். ஒரு சங்கிலி ஒரே ராத்திரியில் சுழன்று உடைக்கும் பவளம் வளர்ந்து வரப் பல பத்தாண்டுகள் ஆகும். வடகிழக்கு டொபாகோவை 2020-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததில் இந்தக் கடலும் அடக்கம்.

(பின்னால் செயின்ட் வின்சென்ட் பக்கம் போனால், வலிலபூ, கம்பர்லண்ட் குடாக்களில் அடி செங்குத்தாக இறங்குவதால் நங்கூரத்தை ஆழத்தில் போட்டுப் பின்புறத்தைக் கரை மரத்தில் கட்டுவார்கள். தென்னையில் கட்டுங்கள். மான்சினீல் என்றொரு மரம் உண்டு, சின்ன பச்சை ஆப்பிள் போல் காய்க்கும்; அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், மழையில் அதன் கீழ் ஒதுங்கினாலே போதும். உங்களுக்குக் கயிறு கட்டித்தர வரும் உள்ளூர்ப் பையனுக்கு எது எந்த மரம் என்று தெரியும்.)

வந்து சேரும் நேரம் முக்கியம். கயானாவிலிருந்து வடமேற்காக ஓடும் நீரோட்டம் வழியெல்லாம் உங்களைத் தள்ளிக்கொண்டே வரும், அதனால் கணக்குப் போட்டதைவிட முன்னதாகவே டொபாகோ தெரியும். அது நடு ராத்திரியாக இருந்தால் வெளியே நின்று விடியலுக்குக் காத்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். அதே நீரோட்டம் நிற்கிற படகையும் தீவைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். காற்றும் ஓட்டமும் எதிர்க்கத் திரும்பி வருவது பெரும்பாடு. ஆகவே கடைசி ஒன்றரை நாளிலேயே பாயைக் குறைத்து, காலை ஒன்பது பத்து மணிக்கு முனைக்கு வரும்படி வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு முனைக்கு வெளியே செயின்ட் கைல்ஸ் தீவுப் பாறைகள் இருக்கின்றன; அங்கே ஓட்டம் சுழித்துக்கொண்டு போகும், நன்றாக வெளியே விட்டுச் சுற்றுங்கள். குடா வடமேற்கைப் பார்த்துத் திறந்திருப்பதால் காலையில் உள்ளே நுழையும்போது வெயில் கண்ணில் அடிக்கும். உச்சி தாண்டினால் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், தண்ணீருக்குள் நன்றாகத் தெரியும். பிப்ரவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்து சட்டென்று இருட்டிவிடும். இருட்டியபின் எந்த மீனவக் குடாவுக்குள்ளும் நுழையாதீர்கள். விளக்கில்லாத படகுகள், மிதக்கும் கயிறுகள், பிளாஸ்டிக் புட்டி கட்டிய மீன்கூடுகள் எல்லாம் நடுவில் இருக்கும். ஒரு கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றினால் உங்களுக்கு இன்ஜின் போகும், அவருக்கு அந்த வாரத்துச் சம்பாத்தியம் போகும்.

இப்போது அந்தக் கடைசி வரி. டொபாகோவின் இந்தக் குடாக்களில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். நம் கரைகளில் இழுக்கும் அதே முறைதான். ஒரு முனைக் கயிறு கரையில் ஆட்களிடம் இருக்கும். படகு வளைந்து போய் வலையைச் சரித்துக்கொண்டே சென்று மறுமுனையைத் தள்ளி இன்னோர் இடத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க மீன் நடுவில் உள்ள மடிக்குள் ஒதுங்கும். மீன் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாரைக் கூட்டம் உள்ளே வந்தது கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குள் வலை தண்ணீரில் இருக்கும். வெறும் மணல், பாறையில்லாத அடி, கரைக்குப் பக்கத்தில் மிதமான ஆழம்: கரைவலைக்கு எது நல்ல இடமோ அதுவேதான் உங்கள் நங்கூரத்துக்கும் நல்ல இடம். காலியாகக் கிடக்கிறதே என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் மணல், பெரும்பாலும் வலை விழுவதற்காக விட்டு வைத்த மணலாக இருக்கும். வலையின் ஈயக் கயிறு அடியோடு உரசி வரும்போது உங்கள் சங்கிலியில் மாட்டினால் வலை கிழியும், மீன் அந்த ஓட்டை வழியே போய்விடும். இருபது பேருடைய காலை நேர உழைப்பு அது.

இந்தச் சண்டை ஒரு தீவையே உட்கார்ந்து பேச வைத்திருக்கிறது. செயின்ட் லூசியாவின் சுஃப்ரியேரில், வலை இழுக்கும் இடத்தில் உல்லாசப் படகுகள் நங்கூரம் போடுவதும், முக்குளிப்போரும் மீனவர்களும் மோதிக்கொள்வதும் முற்றி, எல்லாத் தரப்பையும் வைத்துப் பேசி, 1995-இல் கடலையே மண்டலங்களாகப் பிரித்தார்கள். மீன்பிடிக்கு முன்னுரிமை உள்ள இடம், காப்பிடம், படகுகள் மிதவையில் கட்டும் இடம் என்று. அங்கே இன்று நங்கூரம் போட அனுமதி இல்லை, மிதவையில்தான் கட்ட வேண்டும். சார்லட்வில்லில் அப்படி ஒரு கோடு தண்ணீரில் போட்டிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பது எளிது. நங்கூரத்தை இறக்கும் முன் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். பிரோக் என்னும் உள்ளூர் மீன்பிடிப் படகில் யாராவது இருந்தால் பக்கத்தில் போய், இன்ஜினை நியூட்ரலில் போட்டு, முதலில் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கரீபியன் ஊர்களில் வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போவது மரியாதைக் குறைவு. அப்புறம், "வலை எங்கே விழும்? நாங்கள் எங்கே நின்றால் உங்களுக்குத் தொந்தரவில்லை?" என்று கேளுங்கள். கையைக் காட்டுவார்கள். காட்டிய இடம் நீங்கள் வரைபடத்தில் பார்த்து வைத்ததைவிட ஆழமாக இருக்கும். அதற்குத்தான் அந்த நைலான் கயிறு. அடி எப்படி என்றும் அவரிடமே கேளுங்கள், பாறை எங்கே இருக்கிறது என்று அவருடைய வலைக்குத் தெரியும். நின்றபிறகு வந்து நகரச் சொன்னால் காரணம் கேட்காமல் நகருங்கள். உங்களைச் சுற்றி வலை விழுந்துவிட்டால் மட்டும் நகர முயலாதீர்கள், இன்ஜினையும் போடாதீர்கள். அவர்கள் வலையைச் சங்கிலிக்கு மேலே தூக்கிவிட்டு வழி சொல்லும்வரை சும்மா இருங்கள். கரையில் கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்றால் போய்ப் பிடிக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மீன் தந்தால் வாங்குங்கள், விலை பேசி இழுக்காதீர்கள். குடாவில் கழிவுநீரைத் திறந்துவிடாதீர்கள், அது பிள்ளைகள் குதித்து விளையாடும் தண்ணீர்.

இடம் முடிவானதும், காற்றைப் பார்த்து மெதுவாகப் போய், படகு முழுவதும் நின்றபின் இறக்குங்கள். ஒரே இடத்தில் சங்கிலியைக் குவித்துக் கொட்டாமல், நங்கூரம் தரையைத் தொட்டதும் படகு தானாகப் பின்னால் நகர நகர விடுங்கள். முப்பது மீட்டர் போனதும் நிறுத்தி, அணியம் காற்றுப் பக்கம் திரும்பி நிற்கும்வரை பொறுங்கள்; பிறகு மீதி. எல்லாம் விட்டபின் ரிவர்ஸ் கியரில் மெல்ல ஆரம்பித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் இன்ஜினை நன்றாக ஏற்றுங்கள். அப்போது வெறுங்காலைச் சங்கிலியின் மேல் வையுங்கள். நங்கூரம் இழுத்துக்கொண்டு வந்தால் காலடியில் உதறலும் தட்டலுமாகத் தெரியும். பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து அசையாமல் நிற்கும். கண்ணுக்கும் ஒரு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் கரையோரத் தென்னை ஒன்றையும் அதற்குப் பின்னால் மேட்டில் உள்ள வீட்டுக் கூரை முனையையும் ஒரே கோட்டில் பிடியுங்கள். இன்ஜின் முழுவேகத்தில் பின்னால் இழுக்கும்போதும் கோடு கலையாமல் இருந்தால், 25 நாட் காற்றுக்குப் பயமில்லை. ஜிபிஎஸ் அலாரத்தை நங்கூரம் விழுந்த புள்ளியில் வையுங்கள். படகு நிற்கும் இடத்தில் வைத்தால் ராத்திரி முழுவதும் வீணாக அலறும்.

இரவில் எதிர்பார்க்க வேண்டியது இரண்டு. பிப்ரவரியில் கொண்டல் காற்று உறுதியாக வீசும், ஆனால் கிராமத்துக்குப் பின்னால் 500 மீட்டருக்கும் மேல் மலை நிற்கிறது. அதைத் தாண்டி வரும் காற்று சீராக வராது. சிறிது நேரம் ஒன்றுமிருக்காது, திடீரென்று வேறொரு பக்கத்திலிருந்து குத்திக்கொண்டு இறங்கும். காற்று ஓய்ந்த நேரத்தில் படகு ஓட்டத்தின் போக்கில் சுற்றி நிற்கும். ஊர்ப் படகுகள் சிறிய கயிற்றில் கட்டியவை, நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் விட்ட நீளத்தைப் பொறுத்து எழுபது முதல் தொண்ணூற்றைந்து மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுவீர்கள். அந்த முழு வட்டத்துக்குள்ளும் எதுவும் இல்லை என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வடக்கு அலை. இதுதான் எனக்குக் காற்றைவிடக் கவலை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ வீசிய புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக, காற்று இதமாக இருக்கும்போதே வரும். வடமேற்கைப் பார்த்த குடாவுக்குள் அது நேராக நுழையும். முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வடக்கு அல்லது வடமேற்கிலிருந்து 12 விநாடிக்கு மேல் இடைவெளியுள்ள அலை போட்டிருந்தால் அன்று அங்கே நிற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். எவ்வளவு உள்ளே வரும் என்பதை எந்தக் கணினி முன்னறிவிப்பும் சரியாகச் சொல்லாது. கரையில் நிற்பவர்கள் படகுகளை மேலே ஏற்றுகிறார்களா என்று பாருங்கள்; அவர்கள் ஏற்றினால் நீங்களும் வெளியேறுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்குமான பேச்சு இது. சூறாவளிக்கு இதில் எதுவும் பொருந்தாது. சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கிறோம் என்ற தைரியமும் உதவாது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரனடாவின் கரியாகூ தீவைத் தாக்கியபோது பாதுகாப்பான இடமென்று நம்பிக் கட்டியிருந்த படகுகளும் குவியலாகப் போயின.

சிறு விஷயங்கள் சில. நங்கூர விளக்காக எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு விதிப்படி வேண்டும். பாய்மர உச்சியில் இருக்கும் விளக்கு தாழ்வான படகில் அதிகாலையில் வருபவர் கண்ணில் படாது, ஆகவே பின்புறத்தில் இடுப்பு உயரத்தில் இன்னொன்று தொங்கவிடுங்கள். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியை ராத்திரி தண்ணீரில் விடாமல் பாய்க்கயிற்றால் தூக்கிக் கட்டுங்கள். எந்தத் தீவானாலும் இது பழக்கமாக இருக்கட்டும். காலியாகக் கிடக்கும் மிதவையில் கேட்காமல் கட்டாதீர்கள். அது யாரோ ஒருவருடையது, அடியில் என்ன எடையில் கட்டியிருக்கிறது என்பதும் தெரியாது, சிறு படகுக்குப் போட்ட கயிறு உங்கள் படகைத் தாங்காது. மஞ்சள் கொடி ஏற்றி, சுங்கமும் குடிவரவும் முடியும்வரை கேப்டன் மட்டும் காகிதங்களோடு கரைக்குப் போக வேண்டும். அந்த வேலை சார்லட்வில்லிலேயே முடியும், அலுவலக நேரத்தை மட்டும் கயானாவிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது நங்கூரம் வரவில்லை என்றால் வின்ச்சால் இழுத்துப் பார்க்காதீர்கள். சங்கிலியை நேர்செங்குத்தாக எடுத்துக் கட்டிவிட்டு, நங்கூரம் போடும்போது இழுத்த திசைக்கு எதிராக இன்ஜினில் மெதுவாக நகர்ந்து பாருங்கள், பாதி சமயம் கழன்றுவிடும். இல்லையென்றால் கரையில் சொல்லுங்கள், மூச்சடக்கி இறங்கத் தெரிந்தவர் யாராவது இருப்பார். கேட்கிற கூலியைக் கொடுங்கள். நங்கூரத்தின் தலையில் தனிக் கயிறு கட்டி மிதவை விடும் வழி உங்கள் புத்தகத்தில் இருக்கும். மற்ற இடங்களில் நல்ல வழிதான், இங்கே வேண்டாம். வலையும் ப்ரொப்பெல்லரும் போகிற வழியில் இன்னொரு கயிறு அது. எக்கோ சவுண்டர் எங்கிருந்து அளக்கிறது, அணிய உயரம் எவ்வளவு, நங்கூரம் எந்த வகை, எத்தனை கிலோ என்று பார்த்து எழுதுங்கள், உங்கள் படகுக்கே கணக்கைப் போட்டுத் தருகிறேன்.